பெரியவன் ரொம்பக் குடிக்கிறான்

நேற்று ராத்திரி தார்ப்பாய்க்காரியின் நாத்தனார் போனை வைத்த வேகத்தில் அந்தச் சத்தம் உங்கள் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "நாளைக்கு வண்டி கை மாறியாகணும் அண்ணி. அவ்வளவுதான் சொல்லுவேன்!" என்று டொக்கென்று வைத்தவள் மறுபடி கூப்பிடவே இல்லை.

அந்த 'நாளைக்கு' இதோ விடிந்துவிட்டது.

விடிந்ததும் விடியாததுமாக டீசல் விலை இன்னொரு தடவை ஏறியிருந்தது. தார்ப்பாய்க்காரி தன் பட்டறைக் கதவைத் திறக்கும்போது, எதிரே இருந்த பங்க்கில் ஒருவன் ஏணி போட்டு ஏறி, விலைப் பலகையில் எண்களை மாற்றிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, அந்த ஏணியை உள்ள எடுத்து வைக்காதே. அங்கேயே நிக்கட்டும். தினம் தூக்கித் தூக்கி உனக்கு முதுகு வலிக்கப் போகுது!" என்று இவள் குரல் கொடுத்தாள். அவன் நான் என்ன செய்ய என்று ஏணி மேலிருந்தே கையை விரித்தான்.

லாரி செட்டில் அவளைத் தார்ப்பாய்க்காரி என்று சொன்னால்தான் தெரியும். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பதும் இருக்கைகளுக்கு உறை போடுவதும் அவள் தொழில். அவள் கணவர் லாரி ஓட்டுகிறார். அவருக்கு அவள் வைத்த பெயர் 'முதல் கியர்'. எதையும் நிதானமாகத்தான் செய்வார். பேசுவதும் அப்படியே. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, போய் ஒரு ஓரம் மடித்துத் தைத்துவிட்டு வந்தால் பதில் தயாராக இருக்கும்.

அடுத்த ஆள் பெரியவன்.

பெரியவன் என்றதும் மூத்த மகன் என்று நினைத்துவிடாதீர்கள். அது லாரி. இவளுக்குக் கல்யாணமான புதிதில் அண்ணனும் தங்கையுமாகப் பாதிப் பாதி போட்டு வாங்கிய லாரி. மகள் பிறந்தது அதற்குப் பிறகுதான். ஆகவே லாரி பெரியவன், மகள் சின்னவள். நெற்றியில் 'பெரியவன்' என்று கொட்டை எழுத்தில் எழுதியே இருக்கும். சின்னவள் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பெரியவன் வாசலில் நின்றுகொண்டு டீசல் குடிக்கிறான்.

குடி என்றால் அப்படி இப்படி இல்லை. ஊற்ற ஊற்ற உள்ளே போகும். டீசல் சல்லிசாகக் கிடைத்த காலத்தில் அது குறையாகவே தெரியவில்லை. "நல்லாச் சாப்பிடற பிள்ளை" என்று பெருமைதான். விலை ஏறத் தொடங்கியதும்தான் வந்தது வினை. ஓட்டிச் சம்பாதித்ததில் பாதிக்கு மேல் அவன் வயிற்றுக்கே போனது.

சரி, விற்றுவிடலாம் என்றால் அங்கேயும் இடி. பெரிய வண்டி வைத்திருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அதே யோசனை வந்தது. செட்டுக்குப் போனால் வரிசையாக 'விற்பனைக்கு' அட்டை தொங்குகிறது. விற்க ஊரே நிற்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும் கம்மியாகக் குடிக்கும் சின்ன வண்டியைத்தான் தேடுகிறார்கள். டீசல் ஒரு படி ஏறினால் பெரியவன் விலை இரண்டு படி இறங்கியது.

நாத்தனார் துடித்தது அதனால்தான். அவள் மருந்துக்கடை ஒன்றில் வருஷக்கணக்காகச் சம்பளத்துக்கு நிற்பவள். ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரில் ஒரு கடை காலியாகிறது. சொந்தக் கடை! கட்டடக்காரர் அவளுக்குக் கொடுத்திருக்கும் கெடு நாளை சாயங்காலம். லாரி விற்று அவள் பங்கு கைக்கு வந்தால் கடை, வராவிட்டால் கடைசிவரை அடுத்தவர் கல்லாவுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

"வண்டியும் மருந்து மாதிரிதான் அண்ணி. தேதி தாண்டிடுச்சுன்னா சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டாங்க" என்பாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் தார்ப்பாய்க்காரிக்குக் கஷ்டமாக இருந்தது.

ஏனென்றால் வண்டி போய்விட்டால் முதல் கியர் என்ன ஆவார்? "வித்துடலாம்" என்று வாய் சொல்லிவிட்டது. ஆனால் இந்த ஒரு வாரமாகத் தினமும் காலையில் எழுந்து போய் பெரியவனின் கண்ணாடியைத் துடைக்கிறார். துடைத்த இடத்தையே துடைக்கிறார். இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் நாத்தனார். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்று தெரியாமலா சொன்னார்கள்.

அப்படி அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தபோதுதான் போன் அடித்தது.

தார்ப்பாய் தைக்கிற மெஷின் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? பக்கத்தில் நிற்பவர் திட்டினால்கூடக் காதில் விழாது. அவள் பாதித் தையலில் நிறுத்த மனமில்லாமல் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள்.

"ஹலோ, நாங்க..." ஒரு பெண் குரல். எங்கிருந்து என்பதை மெஷின் தின்றுவிட்டது. "...உங்க வீட்டுப் பெரியவரைப் பத்தி விசாரிக்கணும்மா. எடுக்கலாம்னு இருக்கோம்."

வண்டி வாங்க ஆட்கள் போன் பண்ணுவார்கள் என்று புரோக்கர் சொல்லித்தான் வைத்திருந்தான். ஆனாலும் லாரிக்கு இவ்வளவு மரியாதையா! தார்ப்பாய்க்காரிக்குச் சிரிப்பு வந்தது.

"அவர் இவர்னெல்லாம் வேணாம்மா. நாங்க பெரியவன்னுதான் சொல்றது. என்ன தெரியணும், கேளுங்க."

"சரிங்க... குடி எப்படி? உண்டா?"

வந்தாள் பார் விஷயத்துக்கு! இப்போதெல்லாம் லாரி வாங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்.

அப்போதுதான் அவள் மனசுக்குள் அந்தக் குறும்பு முளைத்தது. பொய் சொல்லக் கூடாது, சரி. உண்மையைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால்? இழுத்துத் தைத்தால்தானே தார்ப்பாயே நிற்கும்! இந்த அம்மா பயந்து ஓடிவிட்டால் பெரியவன் இன்னும் ஒரு நாளாவது வாசலில் நிற்பானே.

"உண்டாவா? அதை ஏன் கேக்கறீங்க! காலைல ஊத்தினாத்தான் அசைவான். ஊத்தலேன்னா இடி விழுந்தாலும் நகர மாட்டான். நாங்க சம்பாதிக்கிறது அவன் குடிக்கே சரியாப் போகுது."

"ஐயய்யோ. புகை?"

"தெருவே கறுத்துப் போயிடும்மா! எதிர் வீட்டுக்காரங்க வெளிய துணி காயப் போடறதையே விட்டுட்டாங்க."

"உடம்பு?"

"குளிர்னா இருமிக்கிட்டே இருப்பான். மேடு ஏறினா மூச்சு வாங்கும். இடது பக்கமா வேற இழுத்துக்கிட்டே போவான்."

"இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது இருந்தாராம்மா?"

"இருந்தானே. வேற ஒரு வீட்ல இருந்தான். அவங்களுக்குக் கட்டுப்படியாகல, தள்ளி விட்டுட்டாங்க. நாங்கதான் கூட்டிட்டு வந்து ஆளாக்கினோம்."

சொல்லிவிட்டாளே தவிர, உடனே நெஞ்சு உறுத்தியது. எத்தனை வருஷம் சோறு போட்டவன்! "ஆனா ஒண்ணும்மா, நல்லவன். நடுவழில எங்களை விட்டதே இல்ல. நல்ல இடமா வந்தா அனுப்பிடலாம்னு நாத்தனார் சொல்றா. எனக்குத்தான் மனசு வரல."

"தைரியமா இருங்கம்மா" என்றது அந்தக் குரல், கிட்டத்தட்ட அழுகிற மாதிரி. போன் வைக்கப்பட்டது.

லாரி வாங்க வந்தவளுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று வியந்துகொண்டே தார்ப்பாய்க்காரி மிச்சத் தையலைப் போட்டு முடித்தாள்.

மத்தியானம் நாத்தனார் வந்து இறங்கினாள். கையில் ஒரு அட்டை தலைவலி மாத்திரை.

"இந்தாங்க அண்ணி. எப்படியும் உங்களுக்கு இன்னிக்குத் தலை வலிக்கும்னு தெரியும். சாப்பிட்டப்புறம் போட்டுக்குங்க."

"தலைவலியே நீதாண்டி. அதுக்கு மாத்திரை உண்டா?"

"அது வேற கம்பெனி" என்றாள் நாத்தனார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சண்டை சண்டைதான், சிரிப்பு சிரிப்புதான். அந்த வீட்டில் ஒன்றுக்காக ஒன்றை நிறுத்துவதில்லை.

பின்னாலேயே புரோக்கர் வந்தான். செட்டில் அவனுக்குப் பல்லி என்று பெயர். எந்த வண்டியைப் பார்த்தாலும் நாக்கைத் தட்டி "ச்சு" என்பான். ஒரு ச்சுவுக்கு விலை ஒரு படி இறங்கும். ஆகவே பல்லி வண்டியைச் சுற்றும்போது வண்டிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பெரியவனைச் சுற்றி வந்தான். டயரைப் பார்த்து ஒரு ச்சு. சரக்குத் தொட்டியின் பலகையைத் தட்டி ஒரு ச்சு. டீசல் டேங்க்கின் மூடியைத் தொட்டுப் பார்த்து, நீளமாக, துக்க வீட்டில் வைப்பதுபோல் ஒரு ச்சு.

"பல்லி கத்தறதுக்கெல்லாம் பலன் பாத்தா வீட்ல குடியிருக்க முடியாது" என்றாள் தார்ப்பாய்க்காரி.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. இப்ப பெரிய வண்டி வச்சிருக்கிறது யானையைக் கட்டித் தீனி போடற மாதிரி. வாங்கறதுக்கு யாரும் இல்ல. உங்க முகத்துக்காக நானே எடுத்துக்கறேன்" என்று ஒரு விலையைச் சொன்னான்.

அது அடிமாட்டு விலை. நாத்தனாரின் முகமே விழுந்துவிட்டது. ஆனால் அவளுக்கு நாளை சாயங்காலம் கெடு. அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பெரியவனைப் பார்த்தார். பிறகு மெல்ல, ரொம்ப மெல்ல, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தார். அதைத் தன் சட்டையில் ஒரு தடவை துடைத்து, பல்லியின் பக்கம் நீட்டினார்.

தார்ப்பாய்க்காரியால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாவி பல்லியின் கையில் விழுந்த அதே நேரம் முதல் கியரின் போன் அடித்தது.

"ம்" என்றார். "ம்... அப்படியா... இல்லீங்களே... சரிங்க" என்றார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு லாரியின் படியில் உட்கார்ந்தார்.

"யாரு அண்ணா?"

பதில் வருவதற்குள் தெருவில் ஒரு சைக்கிள் வந்து, மணி அடித்து, போயும் விட்டது.

"கிடங்குலேர்ந்து."

"எந்தக் கிடங்கு?"

"ரயில் யார்டு பக்கத்துல இருக்கே, அது. டிரைவர் வேலைக்குச் சொல்லி வச்சிருந்தேன்."

இரண்டு பெண்களும் ஒரே குரலில், "வேலைக்கா?" என்றார்கள்.

"வண்டி போயிடுச்சுன்னா அப்புறம் நான் எதை ஓட்டறது? உனக்குக் கடை வேணும். உன் பங்குன்னு ரெண்டு சக்கரத்தையா கழட்டித் தர முடியும்? முழுசா வித்தாத்தானே உண்டு. அதான், சம்பளத்துக்குப் போயிடலாம்னு." அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "இப்ப அதுவும் இல்லன்னுட்டாங்க."

"ஏனாம்?" என்றாள் நாத்தனார்.

"நம்ம வீட்ல விசாரிச்சாங்களாம். நான் குடிக்கிறேனாம்."

"நீயா? நீ ரெண்டாவது டம்ளர் டீ கூடக் குடிக்க மாட்டியே!"

"தெருவே கறுத்துப் போற மாதிரி புகை விடறேனாம். எனக்கு இடது பக்கம் இழுக்குதாம்." அவர் தன் இடது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். "அப்புறம்... இதுக்கு முன்னாடி எனக்கு வேற ஒரு வீடு இருந்துச்சாம்."

நாத்தனார் இடுப்பில் கை வைத்தாள். "அது எப்போ அண்ணா? எங்கிட்டகூடச் சொல்லல!"

தார்ப்பாய்க்காரிக்குக் காது மடல் சூடானது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை பாவம், தன்னைத்தான் கெடுத்துக்கொள்ளும். இவள் புருஷனை அல்லவா கெடுத்துவிட்டாள்!

"ஐயோ! என் வாயில மண்ணை அள்ளிப் போட!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த அம்மா பெரியவர்னு சொன்னாங்களே! நான் நம்ம பெரியவன்னு நினைச்சு..."

கதை முழுதும் வெளியே வந்தது. ஊத்தினால்தான் அசைவான் என்ற இடத்தில் நாத்தனார் லாரியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'தள்ளி விட்டுட்டாங்க' என்ற இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பல்லிகூட வாயைப் பொத்திக்கொண்டான். முதல் கியர் மட்டும் கடைசியில், எல்லாரும் ஓய்ந்தபிறகு, மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

தார்ப்பாய்க்காரி சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகையாக வந்தது.

"வேலைக்குச் சொல்லி வச்சேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. நீங்க ஊமையாவே இருந்து என்னை இப்படிப் பாவியாக்கிட்டீங்களே!" கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த மனுஷன் இத்தனை நாள் தனியாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டே என்ன முடிவு எடுத்திருக்கிறார் என்று நினைக்கும்போது, அவரைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. தெருவாயிற்றே என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நாத்தனாரின் சிரிப்பும் நின்றுபோயிருந்தது. அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நேராகப் பல்லியிடம் போனாள்.

"சாவியைக் கொடுங்க."

"ஏம்மா, பேசி முடிச்சாச்சே?"

"நீங்க பேசினீங்க. நாங்க எங்க முடிச்சோம்? எங்க அண்ணன் அடுத்தவன் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்ட, நான் கடையைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காரவா? அந்தக் கல்லாவுல என்னால கை வைக்க முடியுமா?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல இந்த விலையும் கிடைக்காது. சொல்லிட்டேன்" என்று சாவியைக் கொடுத்த பல்லி, போகிற போக்கில் வாசல் கதவுக்கும் ஒரு ச்சு வைத்துவிட்டுப் போனான்.

"அப்போ உன் கடை?" என்று கேட்டாள் தார்ப்பாய்க்காரி.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கே அண்ணி." குரலில் தைரியம் இருந்தது. கண்ணில் அவ்வளவு இல்லை. "முதல்ல அந்தக் கிடங்கு அம்மாவுக்குப் போனைப் போடுங்க. என் அண்ணனை ஊரே குடிகாரன்னு சொல்றதுக்கு முன்னாடி!"

இந்தத் தடவை மெஷின் ஓடவில்லை. தார்ப்பாய்க்காரி ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த கிடங்கு அம்மா சிரித்துச் சிரித்து, புரையேறி, யாரிடமோ தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்ப வந்தாள்.

"நான் காலைலேர்ந்து உங்களை நினைச்சு மனசு கேக்காம உக்காந்திருக்கேம்மா! இருங்க, அப்போ அந்த லாரி இன்னும் உங்ககிட்டதான் இருக்கா?"

"வாசல்லதான் நிக்குது."

"எங்களுக்கு யார்டுலேர்ந்து கிடங்குக்கு மூட்டை அடிக்க ஒரு பெரிய வண்டி மாச வாடகைக்கு வேணும், முன்பணமும் தருவோம். சின்ன வண்டின்னா பத்து நடை அடிக்கணும். தூரம் இந்தத் தெரு முனைக்கும் அந்தத் தெரு முனைக்கும்தான். அதுக்குள்ள எவ்ளோதான் குடிச்சிடப் போறான்? இருங்க, முதலாளியைக் கேட்டுட்டு வர்றேன்."

மூன்று பேரும் போனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

குரல் திரும்ப வந்தது. "சரின்னுட்டார். நாளைக்குக் காலைல பெரியவரைக் கூட்டிட்டு வந்துடுங்க. ஆனா ஒருத்தரைத்தான் எடுக்க முடியுமாம்." பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். லைன் அறுந்தது.

"ஒருத்தரைன்னா?" என்றாள் நாத்தனார். "எந்தப் பெரியவரை? ஆளையா, வண்டியையா? கேக்கலியா அண்ணி?"

"அதுக்குள்ள வச்சுட்டாங்களே!"

திரும்பப் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வண்டியை மட்டும் எடுத்தால் ஓட்டப்போவது யாரோ. ஆளை மட்டும் எடுத்தால் வண்டி பல்லிக்கு. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டு பேரும் போறோம்" என்றார் முதல் கியர்.

தார்ப்பாய்க்காரி திடுக்கிட்டுத் திரும்பினாள். கேட்ட கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லியிருந்தார்!

"நான் பெரியவனை ஓட்டிக்கிட்டுப் போய் அங்க நிக்கறேன். என்னை அவன்கிட்டேருந்து எப்படிப் பிரிச்சு எடுக்கறாங்கன்னு பாத்துடறேன்."

அன்றைக்கு முதல் கியர் நேராக நாலாவதுக்குப் போய்விட்டது.

"சரி, அவ்ளோ தூரம் போக டேங்க்ல டீசல் இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் டேங்க்கைத் தட்டிக் காட்டினார், வெறும் குடம் மாதிரி சத்தம் வந்தது. பதில் புரிந்துவிட்டது.

நாத்தனார் கைப்பையைத் திறந்தாள். கடைக்கு முன்பணம் என்று அவள் சேர்த்து வைத்திருந்த கவர் அதில் இருந்தது. தார்ப்பாய்க்காரி அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாண்டி. அது உன் கடைக்கு."

"விடுங்க அண்ணி. பாதி வண்டி என்னுது. பாதிக் குடியும் என் பொறுப்புதானே?" என்று நாத்தனார் பணத்தை உருவினாள். "நீ ஊத்து அண்ணா. பெரியவனுக்கு இன்னிக்கு என் கணக்கு."

அண்ணன் தங்கையின் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அப்போது தற்செயலாக எதிர்ப் பக்கம் பார்த்த தார்ப்பாய்க்காரி வீல் என்று கத்தினாள். பங்க்கில் அந்த ஆள் ஏணியைச் சுமந்துகொண்டு விலைப் பலகையை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

"ஏய் தம்பி! ஏறாதே! எங்க பெரியவன் குடிச்சு முடிக்கட்டும், அப்புறம் ஏறு!"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் தெருவைக் கடந்து ஓட, பின்னாலேயே பெரியவன் இருமி, புகை விட்டு, கொஞ்சம் இடது பக்கமாக இழுத்துக்கொண்டே கிளம்பினான்.